கடுகம்மா கொடுத்த புகார்

மாலை ஐந்தேகால் மணிக்கு இரும்புக் கதவைத் தாண்டி உள்ளே வந்தவள், குழந்தைகள் அறைப் பக்கமிருந்து ஒரு சிரிப்பைக் கேட்டு நின்றாள். கோலிக்குண்டுகளைப் படிக்கட்டில் கொட்டிவிட்டதுபோல நிற்காமல் உருண்டு வந்தது அது. சமையலறை வாசலில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம், "யார் பெத்த பிள்ளைக்கா இப்படிச் சிரிக்குது?" என்று கேட்டாள்.

"நீ பெத்ததுதாண்டி. பெத்தவளுக்கே அடையாளம் தெரியலைன்னா நான் என்ன சொல்ல?"

அவளால் நம்ப முடியவில்லை. ஆறு வயது மகள் வாய்விட்டுச் சிரித்து அவள் ஒருநாளும் கேட்டதில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் போய், கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மகள்தான். பாயில் மல்லாந்து கிடந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலை உதைத்து உதைத்துச் சிரித்தாள். எதிரே ஓர் உயரமான பெண் பிளாஸ்டிக் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கண் தெரியாமல் சுவரில் முட்டுவதுபோல நடித்துக்கொண்டிருந்தாள்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அடிவயிற்றிலிருந்து ஏறி வந்தது வேறொன்று. தன் தட்டிலிருந்து இன்னொருவர் எடுத்துச் சாப்பிடுவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது போன்ற எரிச்சல். அதை அவள் பசி என்று நினைத்துக்கொண்டு, போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

கணவனிடமும் மாமியார் வீட்டிலும் அடிபட்டு, மாற்றுத் துணிகூட இல்லாமல் வெளியேறி வரும் பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும் தங்குவதற்காக, நல்ல மனம் கொண்ட சிலர் சேர்ந்து நடத்திவந்த இல்லம் அது. தேடிக்கொண்டு வருபவர்கள் காதில் எதுவும் விழுந்துவிடக் கூடாது என்பதால் அங்கே எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். அவளுடைய மகள் வந்த முதல் நாளே, ஊட்ட வந்த கரண்டியைக் கடித்துப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று சமையல்காரி சொல்ல, மகள் கடுகு ஆனாள். தாய் கடுகம்மா ஆனாள். சமையல்காரிக்குக் கரண்டியக்கா என்று பெயர். இல்லத்தை நடத்திய நரைத்த தலை அம்மாளின் இடுப்பில் எந்நேரமும் ஒரு கொத்துச் சாவி குலுங்கியதால் அவர் சாவியம்மா. குழந்தைகள் அறையைப் பார்த்துக்கொண்ட உயரமான பெண்ணுக்குக் குழந்தைகளே பெயர் வைத்திருந்தார்கள், ஒட்டகச்சிவிங்கி என்று. அது நாளடைவில் சுருங்கி, சிவிங்கியக்கா.

காலையில் கூடத்தில் பெண்களுக்கு மூச்சுப்பயிற்சி நடக்கும். வியாழக்கிழமைதோறும் வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து, தனி அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவர் சொல்வதையும் கேட்பார். கடுகம்மாவுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அச்சகத்தில் வேலை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அச்சான தாள்களை மடித்து, அடுக்கி, நோட்டுகளுக்குத் தைப்பது. ஒன்பது மணிக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் விடுவார்கள். அந்த எட்டு மணி நேரமும் கடுகு சிவிங்கியக்காவிடம்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு கடுகம்மாவுக்கு எல்லாமே கண்ணில் படத் தொடங்கியது. காலையில் தான் பின்னிவிட்ட ஒற்றைச் சடை மாலையில் இரட்டைச் சடையாக இருந்தது. கேரட்டை வாயருகே கொண்டுபோனாலே முகத்தைத் திருப்புகிற பெண், "கேரட் இருக்காம்மா?" என்று கேட்டாள். வாய்க்கு வாய், "சிவிங்கியக்கா சொன்னாங்க." பல் தேய்ப்பதுபற்றி, மழைபற்றி, எறும்புகள் வரிசையில் போவதுபற்றி, எல்லாவற்றுக்கும் ஒரே சாட்சி. ஒருநாள் கடுகம்மா எண்ணிப் பார்த்தாள். படுக்கப் போவதற்குள் பதினெட்டு முறை.

இதெல்லாவற்றையும் மகள் கிசுகிசுத்துத்தான் சொன்னாள். காதோடு வாய் வைத்து, மூச்சாலேயே பேசினாள். அறையில் அந்த உரத்த குரல், தாயிடம் இந்தக் கிசுகிசுப்பு. நல்லதெல்லாம் அவளுக்கு, மிச்சம் எனக்கா என்று கடுகம்மாவின் மனம் கேட்டது.

"என்னடி, மூஞ்சி உப்பின அப்பளமாட்டம் இருக்கு?" என்றாள் கரண்டியக்கா, சோறு போட்டுக்கொண்டே.

"ஒண்ணுமில்லக்கா. அந்தச் சிவிங்கிக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"கல்யாணமே ஆகலை. ஏன், மாப்பிள்ளை பார்க்கப் போறியா?"

"சொந்தப் பிள்ளை இல்லாதவங்க ஊரான் பிள்ளையை இழுத்து வச்சுக்குவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

கரண்டியக்கா கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள். "அந்தப் பொண்ணு இழுத்து வச்சுக்கலை. நீ வேலைக்குப் போக முடியுதுன்னா அது யாராலன்னு யோசி. அப்புறம் ரசம் ஊத்துறேன்."

கடுகம்மா ரசத்துக்கு நிற்கவில்லை.

பொறாமை ஒரு காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் இருப்பவருக்கு வெயிலும் குளிர்கிறது. பொறாமை பிடித்தவருக்கு நன்மையும் திருட்டாகத் தெரிகிறது. படுத்த பிறகு மகளின் தலையை முகர்ந்து பார்த்தாள் அவள். வேறு யாருடைய எண்ணெய் வாசமாவது வருகிறதா என்று. புருஷன் சட்டையைக்கூட அவள் அப்படி மோந்து பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு மறுபடியும் முகர்ந்தாள்.

அந்தப் புதன்கிழமை அச்சகத்தில் மின்சாரம் போய்விட்டதால் மூன்று மணிக்கே அனுப்பிவிட்டார்கள். மகளை வெளியே கூட்டிப்போகலாம் என்ற ஆசையோடு வந்து, கண்ணாடி வழியே பார்த்தாள்.

கடுகு சிவிங்கியக்காவின் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு அதில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு தட்டு. அறையிலிருந்த ஏழு பிள்ளைகளும் ஓடிப்போய் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டார்கள். சிவிங்கியக்காவும் தன் நீண்ட காலை மடக்கிக்கொண்டு புகப் பார்த்தாள். பாதிதான் புக முடிந்தது. பிறகு கடுகு மேசையின் மேல் மூன்று முறை தட்டினாள். எல்லோரும் கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தார்கள். கூச்சல் கண்ணாடியை அதிரவைத்தது.

கடுகம்மா கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

அந்தத் தட்டுகள் அவளுடையவை. அவளுக்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்தவை. விட்டு வந்த அந்த வீட்டில், வாசலில் புருஷனின் பைக் சத்தம் எப்படி நிற்கிறது என்பதை வைத்தே அன்றைய நாளைக் கணிக்கக் கற்றிருந்தாள் அவள். குழந்தைக்குப் பேச்சு வருவதற்கு முன்பே அதன் முதுகில் தட்டிப் பழக்கினாள். ஒரு தட்டு என்றால் மூச்சு விடாதே. இரண்டு தட்டு, கட்டிலுக்கு அடியில் போ. மூன்று தட்டு, முடிந்துவிட்டது, வெளியே வா. அடி வாங்கி முடித்து, தரையில் கிடந்தபடியே கையை நீட்டிக் கட்டில் காலில் மூன்று முறை தட்டியிருக்கிறாள். ஆலோசகரிடம்கூட அதை அவள் சொன்னதில்லை. எல்லாம் போன பிறகும் அது ஒன்று அவர்கள் இருவருக்கும் சொந்தமாக இருந்தது. இப்போது அதையும் மகள் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவளும் வாங்கி விளையாட்டுப் பொருளாக்கிவிட்டாள்.

நேராகச் சாவியம்மாவின் அறைக்குப் போனாள்.

அந்த இல்லத்தில் ஒரு விதி உண்டு. குழந்தைகள் அறையில் வேலை செய்கிறவர் எந்தப் பிள்ளையிடமும் அதன் வீட்டைப்பற்றித் துருவிக் கேட்கக் கூடாது. கேட்டார் என்று ஒரு தாய் சொன்னால் போதும். சாட்சி வேண்டாம், மறுபேச்சு வேண்டாம். அந்த நிமிடமே அவரை அறையிலிருந்து விலக்கிவைத்துவிட்டு, ஆலோசகர் அடுத்த வியாழக்கிழமை வந்து குழந்தையிடம் பேசிய பிறகுதான் மற்றது. அங்கே வருகிற பெண்கள் யாருடைய பேச்சையும் அதுவரை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். பெற்றவர்கள் நம்பவில்லை, பக்கத்து வீட்டார் நம்பவில்லை, காவல் நிலையத்தில் சிரித்தார்கள். ஆகவே இங்கே முதலில் நம்புவது என்பது சாவியம்மா வைத்த விதி.

"சொல்லும்மா" என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றி வைத்து.

"சிவிங்கியக்கா கடுகுகிட்ட அவ அப்பாவைப் பத்திக் கேட்டாங்களாம். எப்படி அடிப்பாரு, எதால அடிப்பாருன்னு. பிள்ளை வந்து சொல்லி அழுதா."

கோர்வையாக வந்தது பொய். சொல்லும்போது நாக்கு ஒரு முறைகூடத் தடுக்கவில்லை. சாவியம்மா 'அப்படியா' என்று இழுக்கவில்லை. 'நிச்சயமாகத் தெரியுமா' என்று கேட்கவில்லை. முகம் வாடி, எழுந்து வந்து, கடுகம்மாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எங்களை மன்னிச்சுடும்மா. இங்க வந்தும் உன் பிள்ளைக்கு இப்படி ஆகியிருக்கக் கூடாது."

வாழ்நாளில் அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. முதல்முறையாகக் கேட்கப்பட்ட மன்னிப்பு, செய்யாத தப்புக்காக. அந்தக் கைகளின் சூடு தாங்காமல், வேலை இருக்கிறது என்று சொல்லி வெளியே வந்தாள்.

மறுநாள் வியாழக்கிழமைதான்; ஆனால் ஆலோசகர் ஊரில் இல்லாததால் விசாரணை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. அன்றிலிருந்து சிவிங்கியக்கா பின்கட்டுக் கிடங்கில் இருந்தாள். நல்லவர்கள் கொடுத்தனுப்பும் பழைய துணிகள் அங்கே மலையாகக் குவிந்து கிடக்கும். அவற்றை அளவு பார்த்துப் பிரிப்பது அவள் வேலை. விசாரணை முடியும்வரை அவள் எந்தத் தாயிடமும் பேசக் கூடாது என்பதும் விதி. குழந்தைகள் அறையைப் பார்க்க வேறு ஆள் இல்லாததால் பூட்டியே வைத்தார்கள். மதிய ஷிப்டுக்குப் போகவேண்டிய ஒரு தாய், போக முடியாமல் தொலைபேசியில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஏழு பிள்ளைகளும் சமையலறையில் கால் இடறினார்கள். "ஒண்ணு அரிசியில கை விடுது, ஒண்ணு பூனை வாலை இழுக்குது. எவ செஞ்ச புண்ணியமோ, நல்லா இருக்கட்டும்" என்று கரண்டியக்கா பொதுவாகச் சொன்னாள். புகார் கொடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததால்தான் அது இன்னும் சுருக்கென்றது.

கடுகு ஒரே ஒரு முறை கேட்டாள், காதோடு. "சிவிங்கியக்கா எங்கம்மா?"

"வேற வேலை."

அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் நல்ல பயிற்சி பெற்ற பிள்ளை அது.

மறுநாளும் அதற்கு மறுநாளும் ஐந்தேகால் மணிக்கு மகள் வாசலிலேயே நின்றாள். தாய் போகுமிடமெல்லாம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சடை காலையில் பின்னியபடியே மாலையிலும் ஒற்றையாக இருந்தது. பதினெட்டு முறை வந்த பெயர் ஒருமுறைகூட வரவில்லை. கடுகம்மாவுக்கு இனித்தது. ஆசை தீர இனித்தது என்றே சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை, குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருக்கும்போது வியாழக்கிழமை நினைவு வந்தது. ஆலோசகர் பிள்ளையிடம் கேட்பாரே.

"கடுகு, சிவிங்கியக்கா உன்கிட்ட அப்பாவைப் பத்திக் கேட்டாங்க இல்ல?"

"கேட்கலையே."

"நல்லா யோசிச்சுப் பாரு."

பிள்ளை யோசிக்கவில்லை. தாயின் முகத்தைப் பார்த்தது, தெருவைக் கடக்கும் முன் இரண்டு பக்கமும் பார்ப்பதுபோல. பிறகு கிசுகிசுத்தது. "கேட்டாங்கன்னு சொல்லணுமாம்மா? சரி, சொல்றேன்."

துண்டு கையில் அப்படியே நின்றது. பள்ளிக்கூடத்து டீச்சரிடமும் இதே முகத்தோடுதான் சொல்லியிருந்தாள் கடுகு: "அம்மா மாடிப்படியில விழுந்துட்டாங்க மிஸ்." சொல்லிக் கொடுத்தவள் தாய்தான். அப்போது உயிருக்குப் பயந்து சொல்லிக் கொடுத்தாள். இப்போது?

"ஒண்ணும் சொல்ல வேணாம், விடு" என்று அவசரமாகத் தலையைத் துவட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அச்சகம் விடுமுறை. மத்தியான வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் போட்டிருந்தது. மகளுக்கு இரட்டைச் சடை பின்னிவிட உட்கார்ந்தாள். தன்னாலும் முடியும் என்று காட்ட. பாதி பின்னும்போது சமையலறையில் பெரிய தாம்பாளம் ஒன்று கைநழுவி விழுந்து, அதிர்ந்து, சுற்றிச் சுற்றி அடங்கியது. அடங்குவதற்குள் மடியில் பிள்ளை இல்லை. யாரும் தட்டவில்லை. தானாகவே கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இல்லத்துக்கு வந்த இரண்டு மாதத்தில் அவள் அப்படிச் செய்ததில்லை.

கடுகம்மா கட்டில் காலில் மூன்று முறை தட்டினாள். வரவில்லை. மறுபடி தட்டினாள்.

"வாடா கண்ணு. தட்டுதான் விழுந்துச்சு. யாரும் இல்ல."

உள்ளேயிருந்து மூச்சாக வந்தது குரல். "அம்மா, நான் சத்தம் போட்டுச் சிரிச்சதாலதான் சிவிங்கியக்காவைப் போகச் சொல்லிட்டாங்களா? நான் இனிமே சிரிக்க மாட்டேன்னு சொல்லும்மா."

கடுகம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டில் எந்த அடிக்கும் ஒரே காரணம்தான் சொல்லப்பட்டது: சத்தம். பாத்திரச் சத்தம், பேச்சுச் சத்தம், பிள்ளையின் அழுகைச் சத்தம். அந்தக் கணக்கை மறக்கத் தொடங்கியிருந்த குழந்தைக்கு, பெற்றவளே அதை மறுபடி நினைவூட்டிவிட்டாள். மகள் முழுசாக அவளிடம் திரும்பி வந்திருந்தாள். அவள் கேட்டபடியே, ஒரு துளி யாருக்கும் மிச்சமில்லாமல். அந்த வீட்டில் எப்படி இருந்தாளோ அப்படியே.

இல்லத்தின் மாடியில் ஒரு சின்ன அறை உண்டு. படம் இல்லை, சிலை இல்லை. ஒரு விளக்கும் பாயும் மட்டும். அவரவர் கடவுளை அவரவர் கும்பிட்டுக்கொள்ளலாம். அன்று மாலை அங்கே போய் உட்கார்ந்தாள் கடுகம்மா. வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. சொல்லிவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு பயம். பிள்ளையோடு எங்கே போவது? அதைவிடப் பெரிய பயம் ஒன்று மெல்லத் தலை தூக்கியது. நாளைக்கு நிஜமாகவே அடிபட்ட பிள்ளையோடு ஒருத்தி சாவியம்மாவின் அறைக்குள் வந்து சொல்லும்போது, அவர் ஒரு நொடி தயங்கினால்? அந்த ஒரு நொடிக்கு யார் பொறுப்பு? "இறைவா, என் நாக்கைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ, நாளைக்குக் காலையில அது மறுபடி புரளாம இருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குச் சாவியம்மா தபால்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் சொன்னது பொய்."

"எதும்மா?"

"சிவிங்கியக்கா ஒண்ணும் கேட்கலை. நானாச் சொன்னேன்."

சாவியம்மா கையிலிருந்த உறையை மேசையில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "ஏன்?"

"என் பொண்ணு அவங்ககிட்ட சிரிக்கிறா. என்கிட்ட சிரிக்க மாட்டேங்குறா."

வெளியே யாரோ துணி அடித்துத் துவைக்கும் ஓசை கேட்டது.

"எனக்குக் கோபம் வருது" என்றார் சாவியம்மா கடைசியில். "நல்லாவே வருது. அந்தப் பொண்ணு ஒன்பது வருஷமா இங்க இருக்கா. அவ முகத்தைப் பார்த்து நான், 'நீ போய்க் கிடங்குல இரு'ன்னு சொன்னேன். ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை."

"என்னை அனுப்பிடுவீங்களா?"

"பொய் சொன்னவங்களையெல்லாம் அனுப்பிட்டா இந்த வீட்ல யாரு இருப்பா? கதவைப் பூட்டிட்டு நானும்தான் போகணும்." சிரிக்காமல் சொன்னார். "ஆனா சும்மா விட மாட்டேன். நீயே போய் அவகிட்ட சொல்லணும். உன் பிள்ளைகிட்டயும் சொல்லணும். எனக்காக ஆலோசகர் சொல்லுவாங்க, கரண்டியக்கா சொல்லுவாங்கன்னு ஒளியக் கூடாது."

"சரிம்மா." கதவு வரை போய்த் திரும்பினாள். "இனிமே நான் ஏதாவது சொன்னா நம்புவீங்களா?"

சாவியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "நம்பித்தான் ஆகணும். விதி அப்படி. கஷ்டமா இருக்கும். இருந்தாலும் நம்புவேன். போம்மா."

கிடங்கில் நாப்தலீன் உருண்டை வாசம் மூக்கைத் துளைத்தது. சிவிங்கியக்கா துணிக்குவியலுக்கு நடுவே முழங்காலை மடித்து உட்கார்ந்து, கால்சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் எழுந்து சுவரோரம் ஒதுங்கினாள்.

"உங்ககிட்ட நான் பேசக் கூடாதுங்க. தயவுசெய்து போயிடுங்க."

"சாவியம்மாதான் அனுப்பினாங்க. புகார் கொடுத்தது நான்தான். அது பொய். நீங்க எதுவும் கேட்கலை."

சிவிங்கியக்கா கையிலிருந்த கால்சட்டையைக் கீழே போட்டாள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றாள் கடுகம்மா. அடி வாங்கிப் பழகிய உடம்பு, தோள்கள் தாமாகவே ஒடுங்கின.

"நாலு நாளா தேடிட்டிருந்தேன்" என்றாள் சிவிங்கியக்கா. "எந்தப் பிள்ளைகிட்ட, எப்ப, என்ன தப்பாக் கேட்டேன்னு. விளையாட்டுல ஏதாவது வாய்தவறிக் கேட்டிருப்பேனோ, அது எந்தப் பிள்ளை மனசுல குத்திருக்குமோன்னு. ஒவ்வொரு பிள்ளையா நினைச்சுப் பார்த்தேன். சாப்பாடு இறங்கலை."

"அந்தத் தட்டு விளையாட்டு… அது எங்க ரெண்டு பேருக்கும் மட்டும்…"

"எனக்குத் தெரியாதுங்க. அது எதுலேர்ந்து வந்ததுன்னு நான் கேட்கவே இல்லை. கேட்கக் கூடாதே. கடுகுதான் சொல்லிக் கொடுத்துச்சு. மூணு தட்டு தட்டினா எல்லாரும் கத்தணும்னு அதுதான் சட்டம் போட்டுச்சு. 'சத்தமா கத்தணும், சும்மா கத்தக் கூடாது'ன்னு எனக்கே திட்டு விழும்."

கடுகம்மா தலை குனிந்து நின்றாள். வெளியே வா என்று தான் தட்டிய தட்டில் இத்தனை சத்தம் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. "என்னை மன்னிச்சுடுங்க."

"மன்னிச்சுட்டேன்னு இப்ப சொன்னா, அது பொய்யாப் போயிடும். இந்த வாரத்துக்கு ஒரு பொய் போதும்." முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்து, ஓர் ஓரமாகத் தனியே மடித்து வைத்திருந்த மஞ்சள் நிற ஸ்வெட்டரை எடுத்து நீட்டினாள். "கடுகு அளவு. சனிக்கிழமையே எடுத்து வச்சேன். மூச்சுப்பயிற்சிக் கூடத்துல காலையில நடுங்கிட்டே உட்கார்ந்திருக்கும், உங்களோட."

கடுகம்மா அதை இரண்டு கையாலும் வாங்கினாள். யார் தன்மேல் பழி போட்டது என்று தெரியாத நாளில், பழி போட்டவளின் பிள்ளைக்காக மடித்து வைத்தது அது.

அன்று மாலை, கடுகு மறுபடி பதுங்கியிருந்த கட்டிலுக்கு அடியில் அவளே நுழைந்தாள். இடம் போதவில்லை, சட்டத்தில் தலை இடித்தது. மகள் கண்ணை அகல விரித்துக்கொண்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். கடுகம்மா கிசுகிசுக்கவில்லை. சாதாரணக் குரலில் பேசினாள். தன் காதுக்கே அது கடுமையாகக் கேட்டது.

"நீ சிரிச்சதால சிவிங்கியக்கா போகலை. அம்மா ஒரு பொய் சொன்னேன். அதனால அவங்களைத் தள்ளி வச்சாங்க. தப்பு என்னுது."

கடுகு தாயின் வாயைப் பொத்தினாள். "சத்தமா பேசுற."

"ஆமா. பரவாயில்லை."

பிள்ளை காத்திருந்து பார்த்தது. யாரும் வரவில்லை. மெல்லக் கையை எடுத்தது. "ஏம்மா பொய் சொன்ன?"

"பொறாமை."

"அப்படின்னா?"

"நமக்குப் பிடிச்சவங்க வேற ஒருத்தர்கூட சந்தோஷமா இருந்தா, வயித்துக்குள்ள மிளகாய் தின்ன மாதிரி எரியும். அது."

கடுகு தாயின் முந்தானையைச் சுருட்டினாள். "எனக்கு நோட்டு மேல பொறாமை."

"எந்த நோட்டு?"

"நீ தைக்கிற நோட்டு. நாள் பூரா உன்கூடவே இருக்கு. எரிச்சலா இருக்கு."

கடுகம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. நிமிரப் போய்ச் சட்டத்தில் மறுபடி இடித்துக்கொண்டாள். "இடிச்சுக்கிட்ட!" என்றாள் கடுகு. கிசுகிசுப்பும் இல்லை, கூச்சலும் இல்லை, நடுவாக இருந்தது. கடுகம்மா அதை அப்படியே வாங்கிக்கொண்டாள். குறைச்சல் என்று நினைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை குழந்தைகள் அறை திறந்தது. மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள் கடுகம்மா. வழியில் கரண்டியக்கா மறித்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது, கடுகம்மாவே சொல்லியிருந்தாள்.

"ஏண்டி, இந்த ஏழு வானரமும் என் அடுக்களையை நாலு நாள்ல சுடுகாடாக்கிடுச்சு. அதுக்கு ஒரு மாசம் நீ வெங்காயம் உரிக்கணும்."

"உரிக்கிறேன்க்கா."

"அழுதுகிட்டே உரி. யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்க."

அறை வாசலில் சிவிங்கியக்கா பாய் விரித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் கடுகின் விரல்கள் தாயின் கையிலிருந்து உருவிக்கொண்டன. திரும்பிப் பார்க்காமல் ஓடி, அந்த நீண்ட கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். என்னவோ கத்திக்கொண்டே இருந்தாள்; ஒன்றும் புரியவில்லை. மற்ற பிள்ளைகளும் வந்து விழுந்தார்கள்.

வெறுங்கையோடு நின்றாள் கடுகம்மா. எரிந்தது. அதே இடத்தில், அதே மிளகாய். குறைந்திருக்கும் என்று நினைத்தாள், அவ்வளவாகக் குறையவில்லை. கடவுளே, இது இருக்கட்டும், என் நாக்கும் கையும் மட்டும் உன்னிடம் இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, மோதி மூடப்பார்த்த கதவைப் பிடித்து, பிள்ளைகள் கை நசுங்காமல் திறந்து வைத்தாள்.

பிள்ளைகளின் தலைகளுக்கு மேலாகச் சிவிங்கியக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பாயின் ஓரத்தைக் கையால் நீவி, அங்கே கிடந்த மரத்துண்டுகளை ஒதுக்கினாள்.

"அச்சகத்துக்கு இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கே. உட்காருங்க."

கடுகம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.